பால் வாளியும் மூக்கணாங்கயிறும்: ஆக்கநிலையிறுத்தம் – ஓர் எளிய விளக்கம்

உளவியல் சொற்களில் பேச்சுவழக்கில் அதிகம் அடிபடுவது ‘கண்டிஷனிங்’, தமிழில் ஆக்கநிலையிறுத்தம். “சின்ன வயசுலயே அவனைக் கண்டிஷன் பண்ணி வெச்சிட்டாங்க” என்பார்கள். மூளைச்சலவை என்ற பொருளில். ‘நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்’ என்றால் தண்டனை என்று பலர் நம்புகிறார்கள். நாய்ச் சோதனைக்காகத்தான் ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது என்றும் எழுதுகிறார்கள். அவருக்கு 1904-இல் அந்தப் பரிசு கிடைத்தது செரிமான உறுப்புகள் பற்றிய ஆய்வுக்காக. நாயின் எச்சில் பற்றிய கதை அந்த ஆய்விலிருந்து கிளைத்தது.

பி.எட்., பி.ஏ. உளவியல் முதலாண்டு மாணவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்களும் முதலில் இடறி விழும் இடம் இது. வரையறையை மனப்பாடம் செய்தவர்கள்கூட ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்து “இது எந்த வகை?” என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். டெல்டாவில் மாடும் வயலும் எலியும் கண்ணெதிரே இருக்கின்றன. அவற்றை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

## கற்றல் என்றால் எது

அனுபவத்தால் நடத்தையில் ஏற்பட்டு, ஓரளவு நிலைத்து நிற்கும் மாற்றமே உளவியலில் கற்றல். பள்ளிப் பாடம் அதில் ஒரு சிறு பகுதி. களைப்பு, மருந்து, வயது ஏறுவது ஆகியவற்றால் வரும் மாற்றம் இதில் சேராது. குழந்தை தவழத் தொடங்குவது வளர்ச்சி. தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டதும் வாசலை நோக்கித் தவழ்வது கற்றல்.

இருப்பதிலேயே எளிய கற்றலை வயலில் பார்க்கலாம். சம்பாக் கதிர் பால் பிடிக்கும்போது குருவிகளை விரட்டத் தகரம் தட்டுவார்கள், வெடி போடுவார்கள், மின்னும் நாடாவைக் குறுக்கே கட்டுவார்கள். முதல் நாள் கூட்டம் மொத்தமாக எழும்பும். சில நாள் போனால் நாடாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கதிரைக் கொத்தும். புலனில் படும் ஒலி, ஒளி, தொடுகை, வாசனை எதுவானாலும் அது தூண்டல். அதற்கு உயிர் காட்டும் எதிர்வினை துலங்கல். பின்னால் எந்த விளைவும் வராத ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் துலங்கல் குறைந்துகொண்டே போவதைப் பழகிப்போதல் என்கிறோம்.

குருவிகள் களைத்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். வேறொரு சத்தம் கேட்கட்டும், அந்த நொடியே பறக்கும். அதனால்தான் விரட்டும் சத்தத்தையும் இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடிகாரம் வைத்தாற்போல் மணிக்கு ஒரு வெடி என்று போட்டால், குருவிக்கு நாமே பழக்கம் கொடுத்தவர்கள் ஆகிறோம்.

## மடி சத்தத்தைக் கற்கும் விதம்

கன்று மடியை முட்டி ஊட்டும்போதோ கறப்பவர் காம்பைத் தடவும்போதோ அந்தத் தொடுகை நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது மடிக்கு வந்து, பால் நிறைந்த நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருங்கச் செய்கிறது. பால் காம்புக்கு இறங்குகிறது. தொட்டதிலிருந்து சுரப்பு விட ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். இதைப் பசு யாரிடமும் கற்கவில்லை, உடலிலேயே இருக்கிறது.

இப்போது தினமும் விடியற்காலையில் நடப்பதைக் கவனியுங்கள். முதலில் வாளி கணகணக்கும். பிறகு தவிடும் புண்ணாக்கும் கரைத்த தொட்டி முன்னால் வரும். கன்றை அவிழ்த்து விடுவார்கள், அப்புறம் கை மடியில் படும். இதே வரிசையில் பல நாள் நடந்தபின், வாளிச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் பசு சுரப்பு விடத் தொடங்கும். கை படுவதற்கு முன்பே காம்பிலிருந்து பால் சொட்டுவதும் உண்டு.

பாடநூல் சொல்லும் நான்கு சொற்களும் இந்தக் காட்சியிலேயே இருக்கின்றன. மடியில் படும் தொடுகை இயற்கைத் தூண்டல். அதற்கு வரும் சுரப்பு இயற்கைத் துலங்கல். தொடக்கத்தில் எந்தப் பொருளும் இல்லாதிருந்து, பிறகு பொருள் பெற்ற வாளிச் சத்தம் ஆக்கநிலையிறுத்தப்பட்ட தூண்டல். சுருக்கமாகக் கற்ற தூண்டல் என்போம். அந்தச் சத்தத்துக்கு மட்டும் வரும் சுரப்பு கற்ற துலங்கல். ஒரு தூண்டல் இன்னொன்றின் வருகையை அறிவிக்கும் குறியாக மாறும் இந்த முழு நிகழ்வுக்கும் பெயர் பழமை ஆக்கநிலையிறுத்தம். கிளாசிக்கல் கண்டிஷனிங் என்பதும் இதுவே.

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் ஆய்வகத்தில் இவான் பாவ்லோவ் நாய்களிடம் அளந்ததும் இதைத்தான். அங்கே உணவு இயற்கைத் தூண்டல், எச்சில் துலங்கல். படங்களில் மணியைத்தான் வரைகிறார்கள். அவரோ மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவி, பஸ்ஸர், விளக்கொளி என்று பலவற்றைப் பயன்படுத்தினார். நாயின் கன்னத்தில் சிறு துளையிட்டுக் குழாய் பொருத்தி எச்சிலைச் சொட்டுச் சொட்டாக எண்ணியதுதான் அந்த ஆய்வின் பலம்.

வரிசை இங்கே மிக முக்கியம். குறி முன்னால் வர வேண்டும், இயற்கைத் தூண்டல் சற்றே பின்னால். பெரும்பாலான சோதனைகளில் அரை நொடியிலிருந்து சில நொடி இடைவெளியே நன்றாக வேலை செய்கிறது. கறந்து முடித்தபின் வாளியைத் தட்டினால் பசு அநேகமாக எதையும் கற்காது.

இரண்டும் பல முறை சேர்ந்து வந்தால் போதும் என்றே பாடநூல்கள் எழுதிவந்தன. ராபர்ட் ரெஸ்கார்லா 1968-இல் எலிகளை வைத்துச் செய்த சோதனைகள் அது போதாது என்று காட்டின. குறி ஒரு தகவலைத் தர வேண்டும். பிள்ளைகள் நாள் முழுக்க அதே வாளியை உருட்டி விளையாடினால், கறவை நேரத்தில் எத்தனை முறை அது ஒலித்தாலும் பசுவுக்கு அதனால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. கற்றலும் மந்தமாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது ஆள் உட்கார்ந்தால் பசு பாலை அடக்கிக்கொள்கிறதே, அதைத் திமிர் என்று அடிக்கிறவர்கள் உண்டு. பயந்த மாட்டின் உடலில் அட்ரினலின் சுரந்து ஆக்சிடோசினின் வேலையைத் தடுக்கிறது. அடித்தால் அந்த ஆளும் அந்த இடமும் பயத்தின் குறியாகிவிடும். மறுநாள் பால் இன்னும் குறையும்.

கற்றது மறைவதும் உண்டு. வாளிச் சத்தம் மட்டும் கேட்டு, கறவை நடக்காமலே நாட்கள் போனால் சுரப்பு குறைந்து நிற்கும். இது அற்றுப்போதல். ஆனால் அழிந்துவிடுவதில்லை. சில நாள் இடைவெளிவிட்டு அதே சத்தம் கேட்டால் துலங்கல் ஓரளவு திரும்பி வரும்; அது தானே மீளல். பக்கத்து வீட்டு வாளிக்கும் சுரந்தால் அது பொதுமைப்படுத்தல். தன் வீட்டு வாளிக்கு மட்டும் சுரந்தால் வேறுபடுத்தி அறிதல்.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்: பழமை ஆக்கநிலையிறுத்தத்தில் உயிர் எதையும் ‘செய்து’ பலன் பெறவில்லை. சுரப்பு, எச்சில், படபடப்பு போன்றவை தாமாக வருபவை. எந்தக் குறிக்குப் பின் எது வரும் என்பதை உடல் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

## எலிக்கு மட்டும் வேறு விதியா?

சில நொடி இடைவெளிதான் வேண்டும் என்றோம். டெல்டா வயலில் அந்த விதி உடையும் இடம் ஒன்று உண்டு. ஜிங்க் பாஸ்பைடு கலந்த விஷ உணவை எலி கொஞ்சமாகக் கடித்துவிட்டு, சாகாமல், சில மணி நேரம் வயிற்று உபாதைப்பட்டுப் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அந்தச் சுவையுள்ள உணவை அது தொடாது. சாப்பிட்டதற்கும் உபாதைக்கும் இடையில் சில நொடிகளைவிட வெகு நீண்ட இடைவெளி இருந்தும், ஒரே தடவையில் கற்றுவிட்டது.

ஜான் கார்சியாவும் அவருடன் வேலை செய்தவர்களும் 1966-இல் இதை ஆய்வகத்தில் காட்டினார்கள். சுவையோடு நோயை எலி எளிதில் இணைத்தது. ஒலி, ஒளியோடு மின்னதிர்ச்சியை இணைத்தது. மாற்றிக் கொடுத்தால் இணைப்பு சரியாக ஏற்படவில்லை. எதையும் எதோடும் இணைக்கலாம் என்ற பழைய நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. எந்த உயிர் எதை எளிதில் கற்கும் என்பதை அதன் உடலமைப்பும் தீர்மானிக்கிறது.

வேளாண் துறையினர் ஜிங்க் பாஸ்பைடுக்கு முன் ஓரிரு நாள் விஷமில்லாத அதே உணவை வைக்கச் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும். பழகிய உணவை எலி தயங்காமல் நிறையத் தின்னும். அரைகுறையாகக் கடித்துப் பிழைக்கும் வாய்ப்பு குறையும். புரோமடியலோன் போன்ற மருந்துகளில் இந்தச் சிக்கல் இல்லை. அவை சில நாள் கழித்தே வேலை செய்வதால், தின்றதையும் உபாதையையும் எலியால் இணைக்க முடிவதில்லை. தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறியிலோ இந்தக் கேள்வியே எழாது. மாட்டிக்கொண்ட எலி கற்றுக்கொள்ளத் திரும்பிப் போவதில்லை.

## கயிறு தளரும் கணம்

இனி இரண்டாவது வகை. இங்கே உயிர் ஒன்றைச் செய்கிறது. அதன் விளைவைப் பொறுத்து, பிறகு அதை அதிகமாகவோ குறைவாகவோ செய்கிறது. எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டில் அடைத்து, தாழ்ப்பாளைத் திறக்க அவை எடுக்கும் நேரம் முறைக்கு முறை குறைவதை அளந்தார். பி.எஃப். ஸ்கின்னர் 1930-களில் நெம்புகோல் வைத்த பெட்டியில் எலிகளையும், பின்னர் புறாக்களையும் வைத்து இதை விரிவாக வளர்த்தார். இதன் பெயர் செயல்படு ஆக்கநிலையிறுத்தம், அதாவது ஆப்பரன்ட் கண்டிஷனிங்.

ஒரு விளைவு, தனக்கு முன் நடந்த நடத்தையை இனி அதிகமாக்கினால் அது வலுவூட்டல், அதாவது ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். குறைத்தால் அது தண்டனை. ‘பாசிட்டிவ்’ என்றால் ஏதோ ஒன்று சேர்க்கப்படுகிறது. ‘நெகட்டிவ்’ என்றால் ஏதோ ஒன்று நீக்கப்படுகிறது. நல்லது, கெட்டது என்ற பொருள் இந்தச் சொற்களுக்கு இங்கே கிடையாது. குழப்பம் முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான்.

புது மாட்டை வண்டிக்குப் பழக்குவதைப் பார்த்தால் நெகட்டிவ் வலுவூட்டல் மறக்காது. ஓட்டுபவர் கயிற்றை வலப்பக்கம் இழுக்கிறார். மூக்கில் அழுத்தம் கூடுகிறது. மாடு தலையை ஆட்டும், நிற்கும், இடப்பக்கம் திமிறும், கயிறு தளராது. தலை வலப்பக்கம் திரும்பியதும் கயிறு தளர்கிறது, அழுத்தம் போகிறது. மாட்டுக்குப் பாடம் சொல்வது அந்தத் தளர்வுதான். தொந்தரவு ஒன்று நீங்கியது, திரும்பும் நடத்தை வலுப்பட்டது. ஆகவே நெகட்டிவ், ஆகவே வலுவூட்டல். மாடு திரும்பியபின்னும் கயிற்றை இறுக்கியே பிடித்திருப்பவரிடம் மாடு பழகாது. எதற்காக அழுத்தம் நீங்கும் என்று அதற்குத் தெரியவே வழியில்லை. அனுபவசாலிகள் இழுப்பதற்குச் சற்று முன்னால் குரல் கொடுப்பார்கள். நாளடைவில் குரலே குறியாகிவிடும், கயிறு தேவைப்படாது. ஒரே வண்டியில் இரண்டு வகைக் கற்றலும் நடக்கின்றன.

தேர்வில் எந்த நிகழ்ச்சியைக் கொடுத்தாலும் இரண்டு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். அந்த நடத்தை பிறகு கூடியதா, குறைந்ததா? ஏதாவது சேர்க்கப்பட்டதா, நீக்கப்பட்டதா? முதல் கேள்வியைத் தாண்டி இரண்டாவதுக்குத் தாவுகிறவர்கள்தான் தவறாக எழுதுகிறார்கள். வேலை செய்ததும் பாராட்டுக் கிடைத்து வேலை கூடினால் பாசிட்டிவ் வலுவூட்டல். திட்டு வாங்கியபின் பேச்சு குறைந்தால் பாசிட்டிவ் தண்டனை. சண்டை போட்டதும் மட்டையை வாங்கி வைத்து, அதனால் சண்டை குறைந்தால் நெகட்டிவ் தண்டனை.

## கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஓர் அழுகை

பெட்டிக்கடை வாசலில் பிள்ளை சிப்ஸ் பாக்கெட் கேட்டு அழுகிறது. “வீட்டுக்குப் போயி சாப்புடலாம்டா கண்ணு” என்கிறார் அம்மா. அழுகை உச்சத்துக்குப் போகிறது, சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். “இந்தா, வாய மூடு” என்று வாங்கிக் கொடுக்கிறார். அழுகை நிற்கிறது.

பிள்ளைக்கு என்ன நடந்தது? அழுதது, சிப்ஸ் சேர்ந்தது, அடுத்த முறை அழுகை கூடும்: பாசிட்டிவ் வலுவூட்டல். அம்மாவுக்கு? வாங்கிக் கொடுத்தார், அழுகை என்ற தொந்தரவு நீங்கியது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வாங்கிக் கொடுப்பார்: நெகட்டிவ் வலுவூட்டல். இருவரும் ஒருவரை ஒருவர் பழக்குகிறார்கள். அந்தத் தாயைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

இனி கொடுக்கவே கூடாது என்று முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அழுகை உடனே குறையாது, முதலில் கூடும். வழக்கமான பலன் நின்றதும் நடத்தை கொஞ்ச நேரம் வீறுகொண்டு எழுவது அற்றுப்போதலின் இயல்பு. அந்த உச்சத்தில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், இவ்வளவு பெரிதாக அழுதால்தான் கிடைக்கும் என்று கற்பித்தவர்கள் ஆகிறோம். அழாமல் கேட்ட நேரத்தில் கொடுப்பதையும் சேர்த்துச் செய்தால்தான் பிள்ளைக்கு மாற்று வழி ஒன்று கிடைக்கும்.

## எப்போதாவது கிடைப்பதன் பிடி

ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்தால் கற்றல் வேகமாக நடக்கும். பலன் நின்றால் வேகமாக மறையும். எப்போதாவது மட்டும் கிடைத்துவந்த நடத்தை, பலன் நின்றபின்னும் நெடுநாள் தொடரும். பத்து முறையில் ஒருமுறை இளகும் தாத்தாதான் அழுகையை அதிகம் வலுப்படுத்துகிறார்.

பலன் எந்த முறையில் வருகிறது என்பது வலுவூட்டல் அட்டவணை. ஆயிரம் செங்கல்லுக்கு இவ்வளவு என்ற கூலி, எண்ணிக்கை மாறாத அட்டவணை: வேகமான வேலை, ஆயிரம் முடிந்ததும் ஒரு சிறு ஓய்வு. வாய்க்காலில் தூண்டில் போடுவது எண்ணிக்கை மாறும் அட்டவணை: எத்தனையாவது வீச்சில் மீன் என்று தெரியாது, அதனால் நிறுத்தவும் முடியாது. தமிழ்நாட்டில் 2003-இல் தடை செய்யப்பட்ட லாட்டரிச் சீட்டின் பிடியும் இதே பிடி.

காலத்தைப் பொறுத்தவையும் உண்டு. மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்த தண்ணீர் கடைமடைக்கு என்று வரும் என்று உறுதியாகத் தெரியாதபோது, விவசாயி வாய்க்கால் தலைப்பை அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பார். அது காலம் மாறும் அட்டவணை. முறைத் தண்ணீர் இன்ன நாள் என்று தெரிந்துவிட்டால் அந்த நாள் நெருங்கும்போதுதான் போவார்; அது காலம் மாறாதது. மனிதர் நாள்காட்டி பார்த்துக் கணக்கிடுபவர் என்பதால் எலியைப் போல் அச்சாகப் பொருந்தாது. ஆனால் நடத்தையின் வடிவம் ஒத்துவரும்.

பரிசும் எப்போதும் நல்லதைச் செய்யும் என்றில்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைக்கப்பட்டவர்கள் பின்னர் ஓய்வு நேரத்தில் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. தானாக விரும்பிச் செய்வதற்குப் பரிசு பேசாமலிருப்பதே நல்லது.

## பிரம்பு ஏன் கற்பிப்பதில்லை

தண்டனை நடத்தையை அடக்கும், மறுக்கவில்லை. ஆனால் உடனடியாகவும் தவறாமலும் வந்தால்தான் அடக்கும். வகுப்பறையில் இரண்டுமே நடப்பதில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் பழைய நடத்தை திரும்பும். பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் பிரம்பு சொல்வதில்லை. எல்லாவற்றையும்விட மோசம், வலியோடு சேர்ந்து வரும் கணக்குப் புத்தகமும் பள்ளி மணியும் ஆசிரியர் முகமும் பயத்தின் குறிகளாகிவிடுவது. அடித்ததும் வகுப்பு அமைதியாகிறது அல்லவா? சத்தம் நீங்கியது, அடிப்பது வலுப்பட்டது. பிரம்பு பயனற்றது என்று தெரிந்த ஆசிரியரும் அதைக் கீழே வைக்க முடியாமல் போவது இதனால்தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. உளவியல் சொல்வதும் அதோடு ஒத்துப்போகிறது.

## இரண்டும் பின்னிக்கொள்ளும் இடம்: பயம்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அன்று கூரை பறந்ததும் தென்னை முறிந்து விழுந்ததும் இயற்கைத் தூண்டல்கள். உயிர்ப்பயம் இயற்கைத் துலங்கல். அதற்கு முன்னும் கூடவும் கேட்ட காற்றின் ஊளை கற்ற தூண்டல். பிறகு சாதாரண ஆடிக் காற்றுக்கே ஒருவருக்கு நெஞ்சு படபடத்தால் அது பொதுமைப்படுத்தல், கோழைத்தனம் அல்ல.

அந்தப் பயம் ஏன் தானாக அற்றுப்போவதில்லை? காற்று எழும்பியதும் அவர் கதவைச் சாத்திக்கொண்டு காதைப் பொத்துகிறார், படபடப்பு குறைகிறது. அந்த நிம்மதி தவிர்க்கும் நடத்தைக்கு நெகட்டிவ் வலுவூட்டல். காற்று அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பதை உடல் அனுபவிக்க வாய்ப்பே வருவதில்லை. முதல் வகைக் கற்றல் பயத்தை உண்டாக்கியது, இரண்டாம் வகை அதைக் காப்பாற்றி வைக்கிறது.

இதிலிருந்து மீளும் வழியை 1924-இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் காட்டினார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விருப்பமான உணவைத் தின்னும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவினான். காற்றுப் பயத்துக்கும் இதே ஏணிதான். மிகக் குறைந்த பயம் தருவதிலிருந்து மிக அதிகம் தருவதுவரை படிகளாக எழுத வேண்டும்: காற்றைப் பற்றிப் பேசுவது, காற்றொலிப் பதிவைக் குறைந்த சத்தத்தில் கேட்பது, சத்தத்தைக் கூட்டுவது, இளங்காற்றில் திண்ணையில் உட்காருவது என்று. ஒரு படியில் படபடப்பு தணியும்வரை நிற்க வேண்டும். உச்சத்தில் எழுந்து போனால் தவிர்த்தலே மீண்டும் வலுப்படும். ஒரே நாளில் கடைசிப் படிக்கு இழுத்துக்கொண்டு போவதும் கெடுதல். தூக்கம் கெட்டு அந்த இரவே கண்முன் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் இதைத் தாமாகச் செய்யாமல் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போவது நல்லது. டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416.

பயம் நீங்கியபின்னும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் தலைகாட்டலாம். முன்பு சொன்ன தானே மீளல் இதுதான். செய்ததெல்லாம் வீண் என்று விட்டுவிடாமல் இரண்டு படி கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். இரண்டாம் முறை அநேகமாக முதல் முறையைவிடச் சீக்கிரம் தணியும்.